சேம்பர் மரை போன காருக்குக் காயில் கிட்: டப்பாவில் இருப்பதும் இல்லாததும்

முதலில் தீர்ப்பு. டூல்ஸ் கடைகளிலும் இணையத்திலும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் கிடைக்கும் எம்14×1.5 (போல்டின் விட்டம் 14 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 1.5) காயில் கிட், அலுமினியச் சேம்பரில், அதாவது என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியில், எண்ணெய் வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்டின் மரை போன காருக்கு நம்பி வாங்கலாம். பத்துக்கு ஏழு. குறைத்த மூன்றில் இரண்டு, கிட்டோடு வரும் டிரில் பிட்டுக்கும் மரை வெட்டும் டாப்புக்கும். மீதி ஒன்று, ட்ரெயின் போல்ட் வருடா வருடம் கழற்றி மாட்டுகிற போல்ட் என்பதால். அப்படி அடிக்கடி கழற்றும் இடத்தில் சுருள் கம்பியை விடக் கட்டியான புஷ், அதாவது உள்ளும் வெளியும் மரை வெட்டிய உலோகக் குழல்தான் நின்று உழைக்கும். அதை மதுரையிலேயே லேத்துப் பட்டறையில் செய்து வாங்கலாம், பின்னால் வருகிறது.

டப்பாவைத் திறந்தால் ஒரு டிரில் பிட், காயிலுக்கென்றே செய்த பெரிய டாப்பு, காயிலை ஏற்றும் கருவி, காயிலின் முனையில் நீட்டியிருக்கும் நாக்கை உடைக்கும் குத்துளி, கூடவே சில காயில்கள். காயில் என்பது ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருள். கம்பியைக் குறுக்கே வெட்டினால் சாய்சதுரமாக இருக்கும். வெளி விளிம்பு புதிதாக வெட்டிய பெரிய மரையில் உட்கார, உள் விளிம்பு பழைய அளவு மரையாக நிற்கும். அதனால் பழைய போல்டையே திரும்பப் போடலாம். கடையில் "பதினாலுக்கு ஒன்றரை" என்று கேட்டால் புரியும். மாருதி, ஹூண்டாய், ஹோண்டா வண்டிகளில் பெரும்பாலும் இதே அளவு. டொயோட்டாவில் பல மாடல்களுக்கு எம்12×1.25. போல்டைக் கையோடு எடுத்துப் போய் ஒரு நட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தலை 17 ஸ்பேனருக்குப் பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்து மரை அளவை முடிவு செய்யக் கூடாது.

கிட்டை வாங்கும் முன் மரை எங்கே போனது என்று பார்க்க வேண்டும். சேம்பரில் காந்தம் ஒட்டினால் அது தகடு. தகட்டுச் சேம்பரில் உள்ளே ஒரு நட்டு வெல்டு செய்திருக்கும், அது லேசில் போகாது. பெரும்பாலும் போல்டின் மரைதான் தேய்ந்திருக்கும், புதுப் போல்டே போதும். காந்தம் ஒட்டவில்லை என்றால் அலுமினியம். அப்போது போல்டின் மரைக்குள் வெள்ளைச் சுருள் ஒன்று, ஊக்கு ஸ்பிரிங் மாதிரி, சுற்றிக்கொண்டு வந்திருக்கிறதா பாருங்கள். அது சேம்பரின் மரை, உருவிக்கொண்டு வந்துவிட்டது. முடுக்கும்போது கை ஓரிடத்தில் கட்டென நிற்காமல் ரப்பரை முறுக்குவது போல இழுத்துக்கொண்டே போனாலும் அதே கதை. வாயில் உள்ள முதல் ஒன்றிரண்டு சுற்று மட்டும் குறுக்கே ஏறிக் கெட்டிருந்தால் காயில் வேண்டாம். சாதாரண எம்14×1.5 டாப்பைக் கையால் விட்டு மரையைச் சரிசெய்தால் போதும்.

ஏன் போகிறது? ஒரே நாளில் போவதில்லை, கைக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகிறது. இரும்புப் போல்டு, அலுமினிய மரை, நடுவில் நசுங்க வேண்டிய ஒரு வாசர். வாசர் ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. அதையே திரும்பப் போட்டால் சொட்டும். சொட்டுகிறதே என்று இன்னும் கால் சுற்று முடுக்குவார்கள். அடுத்த ஆயில் மாற்றத்தில் இன்னும் கால் சுற்று. இந்த அளவுப் போல்டுக்குப் பெரும்பாலான கார்களில் சொல்லியிருக்கும் முடுக்கும் அளவு 35 முதல் 40 நியூட்டன் மீட்டர்தான் (உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள எண்ணே கணக்கு). 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் இது ஏறத்தாழ 18 முதல் 20 கிலோ இழுப்பு. அதே இழுப்பை 60 சென்டிமீட்டர் பைப்பை மாட்டி இழுத்தால் நூறு நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடும். ஏர் கன்னால் முடுக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேலூர்ப் பக்கத்துக் கல் தூசியும் ஆடிக் காற்றில் பறக்கும் மண்ணும் வாசர் உட்காரும் முகத்தில் ஒட்டியிருந்தால் புது வாசரே கூடச் சொட்டும். போல்டை ஏற்றும் முன் அந்த முகத்தை ஒரு சுத்தமான துணியால் துடைக்க பத்து விநாடி ஆகுமா?

இனி கிட்டை வைத்துச் செய்யும் வேலை. சேம்பரை இறக்கிச் செய்வதே உத்தமம், ஏனென்றால் பிசிறு உள்ளே தங்காது. எண்ணெய் போகும் வழியை நினைத்துப் பாருங்கள்: சேம்பர், உறிஞ்சும் குழாயின் சல்லடை, ஆயில் பம்ப், அதற்குப் பிறகுதான் ஃபில்டர். சல்லடையில் நுழையும் அளவுக்குச் சின்னப் பிசிறு முதலில் பம்பைக் கீறிவிட்டுத்தான் ஃபில்டருக்கே போய்ச் சேரும். பெரியது சல்லடையை அடைக்கும். ஆனால் பல வண்டிகளில் சேம்பரை இறக்க எக்ஸாஸ்ட் பைப்பையோ குறுக்குச் சட்டத்தையோ கழற்ற வேண்டும், பிறகு பழைய பசையைச் சுரண்டிப் புதிதாகப் பூச வேண்டும். அதனால் வண்டியில் வைத்தே செய்கிறவர்கள்தான் அதிகம். கவனமாகச் செய்தால் அதுவும் தப்பில்லை.

வண்டியை மேடையிலோ ஸ்டாண்டிலோ ஏற்றி, எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே முழுக்க வடித்துவிடுங்கள். வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. துளை எத்தனை ஆழம் என்று வளைத்த கம்பியை உள்ளே விட்டு அளந்துகொள்ளுங்கள். காயில் அந்த ஆழத்தை விட நீளமாக இருந்தால் உள்ளே துருத்தி நிற்கும். துருத்தி நிற்கும் உயரத்துக்கு அடியில் உள்ள பழைய எண்ணெய் இனி ஒருபோதும் வடியாது. எம்14 காயிலில் 14, 21 மில்லிமீட்டர் என நீளங்கள் உண்டு. கிட்டில் எது வந்திருக்கிறது என்பதைப் பார்த்து, தேவையானதைத் தனியாக வாங்குங்கள்.

டிரில் பிட்தான் இந்த வேலையின் முதல் கண்டம். எம்14×1.5 காயிலுக்கு ஏறத்தாழ 14.5 மில்லிமீட்டர் துளை வேண்டும். ஏற்கெனவே மரை போன துளையில் பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டரோ சற்று அதிகமோதான் வெட்ட இருக்கும். மெல்லிதாக வெட்டும்போது பிட் அலுமினியத்தைக் கவ்விக்கொண்டு திருகு மாதிரி உள்ளே இழுத்துப் போகும். மெஷினை வேகமாக ஓட்டினால் கை முறுக்கிக்கொள்ளும், துளையும் கோணும். மிக மெதுவாக, அல்லது பிட்டை டாப் கைப்பிடியில் பிடித்துக் கையாலேயே சுற்றுவது நல்லது. மலிவான கிட்டின் பிட் முனை மழுங்கலாகவே வருவதுண்டு. ஒரு நல்ல பிட்டைத் தனியாக வாங்குவது வீண் செலவு இல்லை.

செங்கோணம்தான் எல்லாம். டாப்பு ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால், 22 மில்லிமீட்டர் வாசரின் ஒரு விளிம்பில் 0.38 மில்லிமீட்டர் இடைவெளி வந்துவிடும். அந்த இடைவெளியைச் செம்பு வாசரோ அலுமினிய வாசரோ நம்பிக்கையாக மூடாது. மரை உறுதியாக இருந்தும் சொட்டும் காயில் வேலைகளில் பெரும்பாலும் இதுதான் காரணம். டாப்பு இரண்டு சுற்று ஏறியதும் நிறுத்தி, சின்ன மூலைமட்டத்தை சேம்பர் முகத்தில் வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். அதற்கு மேல் ஏறிவிட்டால் திருத்த முடியாது.

டாப்பின் பள்ளங்களில் கிரீஸை நிறைய அப்புங்கள். பிசிறு அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை முழுக்கக் கழற்றித் துடைத்து, புது கிரீஸ் அப்பி மறுபடி. சலிப்பாக இருக்கும். ஆனால் என்ஜினைக் காப்பது இந்தச் சலிப்பான கால் மணி நேரம்தான். டாப்பின் முனை கூம்பாக நீண்டிருக்கும் கிட்களில் கவனம் வேண்டும்: முழு மரை வெட்டி முடிவதற்குள் முனை உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டில் இடிக்கலாம். இடித்தால் அழுத்தாதீர்கள், முனை மட்டமான டாப்பு ஒன்றை வைத்து மீதியை வெட்ட வேண்டும். வெட்டிய மரையின் வெளி அளவு ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். வாசரின் வெளிவட்டம் 20 அல்லது 22 என்பதால் பக்கத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் உட்காரும் இடம் மிஞ்சுகிறது. அழகுக்காக வாயைப் பெரிதாகச் சீவினால் அதுவும் போய்விடும். பிசிறு போக ஒரு சின்னக் கீறல் போதும்.

காயிலை ஏற்றும் முன் மரையை பிரேக் கிளீனரால் எண்ணெய் ஒட்டில்லாமல் கழுவ வேண்டும். காயில் தன் விறைப்பிலேயே நிற்கும் என்று தாளில் எழுதியிருக்கும். மற்ற இடங்களில் உண்மை. ட்ரெயின் போல்டில் சில சமயம் போல்டோடு சேர்ந்து காயிலும் கழன்று வந்துவிடுகிறது. அதனால் அலுமினிய மரையின் மேல் சுற்றுகளில் உயர்வலுத் திரெட்லாக்கர் (மரை கழலாமல் ஒட்டிப் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு ஏற்றுவது நல்லது. ஸ்டெயின்லெஸ் கம்பியில் அது மெதுவாகத்தான் இறுகும். 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். கருவியால் ஏற்றும்போது அழுத்தாமல் சுற்ற மட்டும் வேண்டும், அழுத்தினால் ஒரு சுற்று தாண்டி விழும். கடைசிச் சுற்று சேம்பர் முகத்துக்கு அரைப் புரி உள்ளே போனதும் நிறுத்துங்கள். முகத்தோடு சமமாகவோ வெளியேயோ நின்றால் வாசர் அதன் மேல் ஏறி நிற்கும். முனையில் உள்ள நாக்கைக் குத்துளியால் தட்டி உள்ளே விழவிட்டால் அது சேம்பருக்குள் கிடக்கும். நீள மூக்குக் குறடால் பிடித்து, ஆட்டி உடைத்து, வெளியே எடுத்துக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலை.

கழுவுதல்: போல்ட் போடாமல், மேலே எண்ணெய் ஊற்றும் வாயில் அரை லிட்டர் மலிவான புது எண்ணெயை ஊற்றி, கீழே வெள்ளைத் துணியில் பிடியுங்கள். துணியில் மினுக்கம் தெரிந்தால் இன்னொரு அரை லிட்டர். மினுக்கம் நிற்கும் வரை. மண்ணெண்ணெய் வேண்டாம், உள்ளே தேங்கிப் புது எண்ணெயை நீர்க்க வைக்கும். ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

இப்போது புஷ். சேம்பரை இறக்கித்தான் ஆக வேண்டும் என்கிற நிலையில், கோ.புதூர் சிட்கோ, கப்பலூர் சிட்கோ பக்கம் லேத்துப் பட்டறையில் கொடுத்து விளிம்பு வைத்த புஷ் போடுவது காயிலை விட மேல். உள் மரை எம்14×1.5, வெளி மரை எம்18×1.5 என்றால் துளை 16.5 மில்லிமீட்டர், புஷ்ஷின் சுவர் மெல்லிய இடத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு. வெளி மரை எம்20×1.5 ஆக இருந்தால் துளை 18.5, சுவர் இரண்டு மில்லிமீட்டர், இன்னும் உறுதி. ஆனால் சேம்பரில் போல்டைச் சுற்றியுள்ள தடித்த பகுதி அதற்கு இடம் கொடுக்குமா என்று முதலில் அளக்க வேண்டும். சூட்டில் அலுமினியம் இரும்பை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், அதனால் இரும்புப் புஷ் மரையின் இறுக்கத்தை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. திரெட்லாக்கரும் விளிம்பும் இரண்டும் வேண்டும். விளிம்பின் முகத்தை, உள் மரை வெட்டும் அதே பிடியிலேயே, லேத்திலிருந்து எடுக்காமல் சீவித் தரச் சொல்லுங்கள். அப்போதுதான் வாசர் உட்காரும் முகம் மரைக்குச் செங்கோணத்தில் இருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் பிடி மாற்றிச் சீவிவிட வாய்ப்பு உண்டு. விளிம்பு வைத்து ஆயத்தமாக வரும் டைம்-சர்ட் போன்ற கட்டிப் புஷ் கிட்டும் உண்டு. வண்டியில் வைத்தே போடலாம், தரமும் நல்லது, விலைதான் காயில் கிட்டை விட மிக அதிகம். ஒரே ஒரு காருக்கு அதை வாங்குவது கட்டாது.

தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் ஓவர்சைஸ் போல்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெட்டும் பிசிறு முழுக்க உள்ளே போகும், கோணலாக ஏறும், இரண்டாம் முறை கழற்றும்போது மிச்ச அலுமினியத்தையும் உருவும். அதற்குப் பிறகு காயிலுக்கு இடம் இருக்காது. டெஃப்லான் டேப்பும் எபாக்ஸியும் மரைக்கு மாற்று இல்லை. நெடுஞ்சாலையில் போல்ட் கழன்று மூன்று நான்கு லிட்டர் எண்ணெயும் கொட்டினால், சிவப்பு விளக்கு எரிவதைக் கவனிப்பதற்குள் என்ஜின் போய்விடும்.

வேலை முடிந்ததும் புது வாசரோடு போல்டை விரலாலேயே கடைசி வரை ஏற்றுங்கள். விரலில் ஏறாத போல்டுக்கு ஸ்பேனர் வைக்கக் கூடாது. அளவு வைத்து முடுக்கும் டார்க் ரெஞ்ச்சில் மேனுவல் சொன்ன அளவு, கிளிக் கேட்டதும் கையை எடுக்க வேண்டும். அடிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, போல்டைச் சுற்றி முகப் பவுடர் தூவி, இரண்டு நிமிடம் ஓட விட்டுப் பாருங்கள்; பிறகு 50 கிலோமீட்டர் ஓட்டியபின் ஒருமுறை. பவுடர் ஈரமானால் மேலும் முடுக்காமல் கழற்றி, முகத்தையும் வாசரையும் பாருங்கள். மேலிருந்து வழிந்துவரும் கசிவும் காற்றில் பின்னால் ஓடி இந்தப் போல்டில் வந்து தொங்கும், அதையும் பவுடரின் ஈரக் கோடு காட்டிக்கொடுக்கும்.

அடுத்த 10,000 கிலோமீட்டரில் வண்டியைப் பட்டறையில் விடும்போது, டீ வடை காசுக்குக் கிடைக்கும் ஒரு 14 வாசரை நீங்களே வாங்கிக் கையில் கொடுத்து, "அண்ணே, புது வாசர் இருக்கு, இதப் போட்டுருங்க. கன் வேணாம், கையாலயே ஏத்துங்க, உள்ள காயில் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள்.