இருபத்தேழு மாதங்கள், 41,000 கிலோமீட்டர்: ஏற்றத்தில் தயங்கும் புதிய செடானுடன் என் அனுபவம்

2022 மார்ச்சில் புதிதாக வாங்கிய செடான் காரை இருபத்தேழு மாதங்களாக ஓட்டி வருகிறேன். சென்ற வாரம் மீட்டர் 41,000 கிலோமீட்டரைத் தாண்டியது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீடு. வேலை நிமித்தமாக வாரத்தில் இரண்டு நாள் என்3 நெடுஞ்சாலை வழியாகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய் வருகிறேன். மற்ற நாட்களில் ஊருக்குள்தான் ஓட்டம். காரின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இதே வகை கியர்பாக்ஸ் பல நிறுவனங்களின் கார்களில் இருக்கிறது. ஆகவே எந்தக் கார் வாங்கப் போகிறவருக்கும் இது பயன்படக்கூடும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது இந்தக் காரைக் குறை சொல்ல முடியாது. நூறு கிலோமீட்டருக்கு ஆறரை லிட்டர் பெட்ரோல்தான் குடிக்கிறது. டிக்கி பெரியது, பின் இருக்கையில் அம்மாவுக்குக் கால் நீட்ட இடம் உண்டு, டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்திலும் ஏசி ஈடுகொடுக்கிறது. கியர் மாறுவதே தெரியாமல் மாறும். டெஸ்ட் டிரைவில் என்னை மயக்கியதும் அதுதான். அந்த டெஸ்ட் டிரைவ் சமதளமான சாலையில் பத்தே நிமிடம் நடந்தது என்பதை நான் அப்போது பொருட்படுத்தவில்லை.

இந்தக் காரில் இருப்பது ஏழு கியர் கொண்ட, எண்ணெயில் மூழ்காத உலர் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொரு கிளட்ச். ஒன்று பிடித்திருக்கும்போதே அடுத்த கியர் மற்றொன்றில் தயாராக நிற்பதால் மாற்றம் மிக வேகமாக நடக்கிறது. ஆனால் கார் ஊர்ந்து செல்லும்போது, நாம் கைக்கியர் வண்டியில் அரைக் கிளட்ச் வைத்து ஓட்டுவதைத்தான் உள்ளே கணினி செய்துகொண்டிருக்கிறது. தட்டுகள் உரசுகின்றன, சூடேறுகின்றன, அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே எண்ணெய் இல்லை. டார்க் கன்வெர்ட்டர் உள்ள பழைய ஆட்டோமேட்டிக் காரில் இந்த வேலையைத் திரவமே செய்துவிடும். ஊர்ந்து போவதும் ஏற்றத்தில் நின்று கிளம்புவதும் அன்றாட வழக்கமாகிவிட்ட ஓர் ஊருக்கு எது பொருந்தும் என்பதை வாங்கும் முன் யாரும் எனக்கு விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சாட்ஸ்வர்த் மேடும் பள்ளமுமான இடம். எங்கள் வீட்டுக் கேட்டிலிருந்து தெருவுக்கு ஏறும் பாதை செங்குத்தானது. 3,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, ஒரு ஜூலைக் காலையில் அந்த ஏற்றத்தில் கார் முதன்முதலாக அதிர்ந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும், கல் நிறைந்த தடத்தில் மாட்டுவண்டி போவதுபோல ஸ்டியரிங் முதல் இருக்கை வரை ஒரு நடுக்கம். பிறகு ஒரு கணம் பின்னோக்கி உருண்டு, அதன் பின்னரே முன்னே நகர்ந்தது. ஏற்றத்தில் பின்னே உருளாமல் பிடித்து நிறுத்தும் வசதி இந்தக் காரில் உண்டு. அது இரண்டு விநாடிதான் பிடிக்கும், அதற்குள் கிளட்ச் முழுமையாகப் பிடித்துவிட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் கார் பின்னால்தான் வரும். அன்று பின்னால் என் மகள் பள்ளிப் பையுடன் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

அடுத்த சில வாரங்களில் இந்தத் தயக்கம் சந்திப்புகளிலும் தலைகாட்டியது. நாம் இடப்பக்கமாக ஓட்டுகிற நாட்டில், வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் எதிரே வரும் வண்டிகளின் பாதையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். இடைவெளி பார்த்து ஆக்சிலரேட்டரை மிதித்தேன். எஞ்சின் உறுமியது, கார் அசையவில்லை. பாதி திரும்பிய நிலையில் எதிர்ச்சாலையின் நடுவில் நின்றுகொண்டிருந்தோம். மினிபஸ் டாக்சி ஒன்று விளக்கை அடித்துக்கொண்டே வந்தது. ஏறக்குறைய இரண்டு விநாடி கழித்து ஒரு குலுக்கலுடன் கார் பாய்ந்தது. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி அந்த இரண்டு விநாடியில் 33 மீட்டர் கடந்துவிடும். ஆகவே இந்தக் குறையைச் சொகுசுக் குறை என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது. பிரேக் பிடிக்காத கார் எப்படி ஆபத்தானதோ, நகர வேண்டிய நேரத்தில் நகராத காரும் அப்படியே ஆபத்தானது.

ஆகஸ்டில் வாங்கிய இடத்திலேயே சர்வீசுக்கு விட்டேன். "இந்த வகை கியர்பாக்ஸின் இயல்பே இப்படித்தான், பழகிவிடும்" என்றார்கள். மென்பொருளைப் புதுப்பித்து, கிளட்ச் பிடிக்கும் புள்ளியைக் கணினிக்கு மறுபடி கற்றுக்கொடுத்துத் திருப்பித் தந்தார்கள். ஐந்து வாரம் நன்றாக ஓடியது. அக்டோபரில் அதே நடுக்கம் திரும்பியது. மறுபடி விட்டேன், ஒரு நாள் முழுக்க வைத்திருந்துவிட்டு, ஓட்டிப் பார்த்ததில் குறை எதுவும் தென்படவில்லை என்றார்கள். காலையில் குளிர்ந்திருக்கும் எஞ்சினோடு சமதளத்தில் ஓட்டினால் அது தென்படாதுதான்.

இங்கே நான் செய்த பெரிய தவற்றைச் சொல்லியாக வேண்டும். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால் பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்கியவருக்குத் தருகிறது. பழுதுபார்த்த மூன்று மாதத்துக்குள் அதே குறை தீராமலோ புதிய குறை தோன்றியோ இருந்தால், விற்றவர் மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். என் கார் இந்த இரண்டு கணக்குக்குள்ளும் கச்சிதமாக அடங்கியது. ஆனால் ஆகஸ்ட் மாத ஜாப் கார்டை (பட்டறையில் வேலை விவரம் எழுதித் தரும் தாள்) ஓராண்டு கழித்து எடுத்துப் பார்த்தபோது, நான் வாய்மொழியாகச் சொன்ன நடுக்கமும் பின்னால் உருண்டதும் அதில் ஒரு வரிகூட இல்லை. "வாடிக்கையாளர் கேட்டபடி மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தது. அதன் கீழே என் கையெழுத்து. அந்தத் தாள் என் பக்கம் பேசவில்லை. அன்று முதல், நான் சொல்லும் குறையை நான் சொல்லும் சொற்களிலேயே எழுதி வாங்கிய பிறகுதான் சாவியைக் கொடுக்கிறேன்.

2023 இந்த நாட்டில் மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்த ஆண்டு. மின்சாரம் போனால் ரோபோக்களும் அணைந்துவிடும். ஒவ்வொரு சந்திப்பும் நான்கு பக்கமும் நின்று நின்று கடக்கும் இடமாகிவிடும். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: போக்குவரத்து சிக்னலைத்தான் இங்கே ரோபோ என்கிறோம்.) ஒரு பிப்ரவரி மாலை, ஹிகின்சன் நெடுஞ்சாலையை ஒட்டிய ஏற்றத்தில் நாற்பது நிமிடம் அப்படி ஊர்ந்தேன். டாஷ்போர்டில் கியர்பாக்ஸ் சூடேறிவிட்டதாக எச்சரிக்கை வந்தது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தச் சொன்னது. நிறுத்த இடமில்லை. அடுத்த நிமிடம் கார் இரட்டைப்படை கியர்களை முற்றிலும் கைவிட்டது. அம்மா பின் இருக்கையில் இருந்தார். அபாய விளக்குகளைப் போட்டுவிட்டு, பின்னால் வந்தவர்களின் ஹார்ன் சத்தத்துக்கு நடுவே எச்சரிக்கை தெரியும்படி டாஷ்போர்டைத் தொலைபேசியில் வீடியோ எடுத்தேன். கியர்பாக்ஸின் வெப்பநிலையும் பிழைக் குறியீடும் காரின் கணினியில் பதிவாகியிருந்தன. இந்த முறை அதை இயல்பு என்று யாரும் சொல்லவில்லை. 19,000 கிலோமீட்டரில் கிளட்ச் தொகுதி முழுவதையும் வாரண்டியில் மாற்றினார்கள். உதிரிபாகம் வர இருபத்து மூன்று நாள் ஆனது. அந்த மாதமும் வங்கித் தவணை தவறாமல் போனது.

புதிய கிளட்ச் நன்றாகவே இருந்தது. ஆனால் நவம்பரில், 30,000 கிலோமீட்டரை நெருங்கும்போது, காற்றுப்பை விளக்கு எரியத் தொடங்கியது. அதே நாளில் இன்னொன்றையும் கவனித்தேன். லேன் மாறி என்மீது சாய்ந்த ஒரு பேக்கியை (பிக்கப் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) எச்சரிக்க ஹார்னை அழுத்தினேன், சத்தமே வரவில்லை. ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்களும் வேலை செய்யவில்லை. இவை மூன்றும் சேர்ந்து போனால் காரணம் பெரும்பாலும் ஒன்றே: ஸ்டியரிங் சக்கரத்துக்குள் நாடாபோலச் சுருண்டிருக்கும் மின்கம்பிச் சுருள் அறுந்திருக்கும். ஹார்னுக்கும் ஓட்டுநர் பக்கக் காற்றுப்பைக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. அது அறுந்தால் மோதலின்போது ஓட்டுநரின் காற்றுப்பை விரியாமல் போகலாம்.

இதைப் பதற்றப்படாமல் சொல்ல எனக்கு வரவில்லை. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த காற்றுப்பைகளில், பையை விரியவைக்கும் அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டுப்போய், பை விரியும்போது உலோகத் துண்டுகள் பாய்ந்து உலகெங்கும் ஓட்டுநர்கள் உயிரிழந்ததை நாம் எல்லோரும் அறிவோம். டர்பன் கடற்கரைக் காற்றில் ஈரப்பதத்துக்குக் குறைவில்லை. என் காரில் இருந்த கோளாறு வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், "விளக்கு எரிந்தாலும் ஓட்டலாம், பாகம் வந்ததும் கூப்பிடுகிறோம்" என்று வரவேற்பு மேசையில் சொன்னபோது, அந்த வாக்கியத்தையே எழுத்தில் தாருங்கள் என்றேன். தரவில்லை, மறுநாள் மாற்றுக் கார் ஒன்றைக் கொடுத்தார்கள்.

எங்கள் தெருவில் நாற்பது ஆண்டாக கராஜ் நடத்தும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டலாமா, வாரண்டி போய்விடுமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். "தம்பி, எண்ணெய் மாத்துறதுக்கும் பிரேக் பார்க்குறதுக்கும் வெளிய வரலாம், வாரண்டி போகாது. கியர்பாக்ஸை மட்டும் அவங்களே தொடட்டும், வேற கை பட்டா அதையே சாக்காச் சொல்வாங்க" என்றார். அவர் சொன்னது சரிதான்: இந்நாட்டின் வணிகப் போட்டி ஆணையம் வெளியிட்டு 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள வழிகாட்டுதல்களின்படி, வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்ததற்காக மட்டும் வாரண்டியை மறுக்கக்கூடாது. அவர்தான் என் மூன்று ஜாப் கார்டுகளையும் வீடியோவையும் தேதிவாரியாக அடுக்கி, முதலில் விற்பனையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் முறையிடச் சொன்னார். பதில் திருப்தியாக இல்லையென்றால் மோட்டார் தொழில்துறைக் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பலாம் என்றார். எழுத்தில் போன அந்த ஒரு கடிதம், பதினெட்டு மாதம் வாயால் சொன்னது செய்யாததைச் செய்தது. மாற்றிய கிளட்ச் தொகுதிக்கு அதை மாற்றிய தேதியிலிருந்து புதிதாக வாரண்டி கணக்கிடுவதாகத் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து ஒப்புதல் வந்தது. குறைதீர்ப்பாளர்வரை போகவில்லை.

இன்று 41,000 கிலோமீட்டரில், ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது மிக மெலிதான நடுக்கம் மறுபடி தொடங்கியிருக்கிறது. முதல் தடவை போல இல்லை. ஆனால் எனக்கு அது பழக்கமான நடுக்கம். வாரத்துக்கு ஒரு முறை அதே ஏற்றத்தில், எஞ்சின் சூடான பிறகு, கண்ணாடி முன் தொலைபேசியை வைத்துப் பதிவு செய்து தேதியோடு சேமிக்கிறேன். ஆண்டு இறுதிக்குள் காரை மாற்றிவிட முடிவு செய்திருக்கிறேன். அடுத்த காரை வாங்கும் முன் எங்கள் வீட்டுக் கேட்டுக்கே கொண்டுவரச் சொல்லி, அம்மாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு, அந்த ஏற்றத்தில் பத்து முறை நிறுத்திக் கிளப்பிப் பார்ப்பேன். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்கமாட்டேன்.