ஜெட் ஸ்கீயா, அலுமினியப் படகா? வீட்டில் 16 வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால்

போன சித்திரை முழுக்க எங்கள் வீட்டில் இதே கதைதான். மகனுக்கு 15, மகளுக்கு 13. இரண்டு பேருக்கும் ஜெட் ஸ்கீ, அதாவது தண்ணீரில் ஓடுகிற மோட்டார் சைக்கிள் மாதிரியான வண்டி, வேண்டும். கடைசியில் நான் வாங்கியது 14 அடி அலுமினியப் படகும், பின்னுக்குப் பூட்டுகிற 20 குதிரைவலு எஞ்சினும். ஒன்ராறியோவில் பிள்ளைகளோடு ஏரிக்குப் போகிற கனபேர் இதே யோசனையில் இருப்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

வேகமும் சந்தோசமும்தான் கணக்கென்றால் ஜெட் ஸ்கீயை அடிக்க ஒன்றுமில்லை. தூண்டில் போடவும், சாப்பாட்டுப் பெட்டியோடு அம்மம்மாவை ஏற்றிக்கொண்டு போகவும் படகுதான். காகித வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். எஞ்சின் 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ என்றால் உரிம இலக்கம் எடுத்து, முன்பக்கம் இரு புறமும் 7.5 சென்றிமீற்றருக்குக் குறையாத எழுத்தில் ஒட்டவேண்டும். ஓட்டுகிறவரிடம் படகோட்டி அட்டை இருக்கவேண்டும். 50 கேள்வி, 75 வீதம் எடுத்தால் பாஸ், எடுத்த அட்டை ஆயுளுக்கும் செல்லும். மகள் குசினி மேசையில் இருந்தே அந்தச் சோதனையை எழுதி முடித்தாள்.

ஆனால் அட்டை கையில் இருந்தாலும் அவள் ஜெட் ஸ்கீயைத் தொட முடியாது. எங்கள் முடிவு இந்த இடத்தில்தான் விழுந்தது.

கனடாவின் மத்திய விதிப்படி ஜெட் ஸ்கீ ஓட்ட 16 வயது ஆகவேண்டும். அப்பா பின்னுக்கு இருந்தாலும், அண்ணா பக்கத்தில் இன்னொன்றில் வந்தாலும் விலக்கில்லை. படகுக்குக் கதை வேறு. 12 வயதுக்குக் கீழே தனியாக என்றால் 10 குதிரைவலு வரை. 12 முதல் 16 ஆகும் வரை தனியாக 40 குதிரைவலு வரை. 16 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் படகில் கூட இருந்து பார்த்துக்கொண்டால் குதிரைவலுவுக்கு எல்லையே இல்லை. அதாவது ஜெட் ஸ்கீ வாங்கியிருந்தால் மகன் ஒரு கோடையும் மகள் மூன்று கோடையும் என் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கே இருந்திருப்பார்கள். இந்தப் படகை இரண்டு பேரும் இன்றைக்கே ஓட்டலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முந்தின வருஷம் ஒரு வாடகை இடத்தில், "பிள்ளை முன்னுக்கிருந்து பிடிக்கட்டும், நீங்கள் பின்னுக்கு இருந்தால் சரி அண்ணை" என்றார்கள். நானும் நம்பினேன். மகன் முன்னுக்கிருந்து ஓட்டினான். சரியில்லை. கைபிடியைப் பிடித்து வேகம் கொடுக்கிறவர்தான் ஓட்டுகிறவர். ஓட்டிய பிள்ளையோடு, ஓட்ட விட்ட பெரியவரும் குற்றவாளி. வீட்டுக்கு வந்து விதியை வாசித்த பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று விளங்கியது.

அந்த வயதெல்லை நியாயமானது என்பதையும் அன்றைக்கே கண்ணால் கண்டேன். ஜெட் ஸ்கீ திரும்புவது பின்னால் பீறிடும் தண்ணீரின் விசையால். வேகம் கொடுப்பதை விட்டால் திருப்பமும் போய்விடும். எதிரே கட்டுத்துறை வர, மகன் பயந்து வேகம் கொடுப்பதை விட்டான். கைபிடியை முழுக்கத் திருப்பியும் வண்டி நேரேதான் போனது. ஏழெட்டு மீற்றர் இருக்கும்போது நான் கையை நீட்டி வேகம் கொடுத்துத் திருப்பினேன். இப்போது வருகிற சில மொடல்களில் பிரேக் இருக்கிறது. என்றாலும் பயந்த பிள்ளை முதலில் செய்வது வேகம் கொடுப்பதை விடுவதுதான்.

படகுக்கும் ஆபத்து உண்டு. அதன் விசிறி (தண்ணீரைத் தள்ளுகிற சுழலி) வெளியே சுழல்கிறது, ஜெட் ஸ்கீயில் அது உள்ளுக்குள் இருக்கிறது. அதனால் எங்களிடம் ஒரே ஒழுங்கு: யாராவது தண்ணீரில் இறங்கினால் எஞ்சின் நிற்கவேண்டும். எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிறு ஓட்டுகிறவரின் மணிக்கட்டில். லைஃப் ஜக்கெட் ஆளுக்கொன்று படகில் இருந்தால் மட்டும் எங்களுக்குப் போதாது, போட்டுக்கொண்டுதான் ஏறுவோம். காற்றடைக்கிற வகையை வாங்கிவிடாதீர்கள். 16 வயதுக்குக் கீழானவர்களுக்கு அது ஏற்கப்பட்டதல்ல, ஜெட் ஸ்கீயில் யாருக்குமே அல்ல.

காற்றடைத்த ரியூபில் பிள்ளைகளை இருத்தி இழுப்பதற்கென்று ஜெட் ஸ்கீ வாங்குகிறவர்கள் இருக்கையை எண்ணுங்கள். ஓட்டுகிறவர், பின்னுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவர், இழுபடுகிறவர் என்று மூன்று இருக்கை கட்டாயம் வேண்டும்.

நாங்கள் போகிற ஸ்கூகொக் ஏரி ஆழம் குறைந்தது, பாசி அதிகம். விசிறியில் பாசி சுற்றினால் எஞ்சினை நிறுத்தி, மேலே சாய்த்து, கையால் இழுத்தெடுக்கலாம். ஜெட் ஸ்கீ அதை அடியால் உறிஞ்சிக்கொள்ளும். எடுக்கத் தண்ணீருக்குள் இறங்கவேண்டும்.

ஜெட் ஸ்கீயை நான் வாடகைக்கு மூன்று தரம்தான் ஓட்டியிருக்கிறேன். சொந்தமாக வைத்து, மாரிக்கு மூடி, திருத்திப் பார்த்ததில்லை. ஆகவே பராமரிப்புச் செலவில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

படகில் மகள் இடக்கையால் சுக்கான் பிடியைப் பிடித்தபடி, கரைக்கு 30 மீற்றருக்குள் வந்ததும் யாரும் சொல்லாமலே வேகத்தை மணிக்கு 10 கிலோமீற்றருக்குக் குறைக்கிறாள். மகனுக்கு ஆவணியில் 16. அன்றைக்கு ஒரு மணித்தியாலம் ஜெட் ஸ்கீ எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவன் முன்னுக்கு, நான் பின்னுக்கு.