மெழுகுக் கட்டி பிரின்டரோடு எட்டு வருஷம்

கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து கொடுப்பதுதான் எங்கள் தொழில். ஆஃப்செட்டுக்குப் போகும் முன் கஸ்டமரிடம் காட்டும் மாதிரிக்காக, 2009-ல் ஒரு சாலிட் இங்க் பிரின்டரை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். 2017 வரை ஓடியது.

இதில் கார்ட்ரிட்ஜ், டோனர் எதுவும் கிடையாது. மை, சோப்புத் துண்டு போல மெழுகுக் கட்டியாக வரும். நான்கு நிறத்துக்கும் நான்கு வடிவம். மஞ்சளை நீலத்தின் குழியில் போட நினைத்தாலும் நுழையாது. உள்ளே சூட்டில் உருகும் மை, ஹெட்டிலிருந்து ஒரு டிரம் மீது தெறிக்கும். மை ஒட்டிக்கொள்ளாமலிருக்க டிரம்மில் மெல்லிய சிலிகான் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பிறகு பேப்பரை டிரம்மோடு ஓர் உருளை அழுத்த, படம் மொத்தமாகப் பேப்பருக்கு மாறிவிடும். அப்போது லேசாக க்ரேயான் வாசனை வரும்.

மை பேப்பருக்குள் ஊறாமல் மேலேயே உறைவதால் சாதாரணப் பேப்பரிலும் நிறம் பளிச்சென்று நிற்கும். பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவோமே, ஈரக்கையோடு தடவினாலும் எழுத்து கலங்காது. அதற்கு முன் வைத்திருந்த இங்க்ஜெட்டில் மணமகள் பெயரே கரைந்திருக்கிறது.

ஆனால் நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். அடர்நிறத்தின் குறுக்கே மடித்தால் மடிப்பில் வெடிக்கும். அந்த இடத்தில் பேனா வழுக்குவதால் பெயர் எழுதவும் முடியாது. சூட்டு லேமினேஷன் கூடவே கூடாது. ஒருவருக்கு இதில் லெட்டர்ஹெட் அடித்துக் கொடுத்தேன். அவர் அதைத் தன் லேசர் பிரின்டரில் விட, அதன் சூட்டில் லோகோ உருகி இழுபட்டது. சொல்லாமல் விட்டது என் தப்பு. மறுபடி ஆஃப்செட்டில் இலவசமாக அடித்துக் கொடுத்தேன்.

இந்த மெஷினுக்கு ஆகாத ஒரே காரியம், அணைப்பது. அணைத்தால் மை உறையும். திரும்பப் போட்டால் சூடாகக் கால் மணி நேரம். அதோடு ஹெட்டைச் சுத்தம் செய்ய நான்கு நிறத்திலும் கொஞ்சம் மையைக் கழிவுத் தட்டில் கொட்டும். 2012-ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று நினைவிருக்கும். எங்கள் சின்ன இன்வெர்ட்டரோ இது சூடாகும்போது இழுக்கும் கரண்டைத் தாங்காது. அந்த வருஷம் தட்டைத் திறந்தால் எப்போதும் ஒரு கறுப்புப் பாளம் கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய மை, ஒரு பக்கம்கூட அடிக்காமல்.

ஆக, நாள் முழுக்க கலராக அடித்துக்கொண்டே இருக்கும் இடத்துக்கு இது சரி. வாரத்துக்குப் பத்துப் பக்கம் அடிக்கிற வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

1991-ல் டெக்ட்ரானிக்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்து, 2000-ல் ஜெராக்ஸ் கைக்குப் போன நுட்பம் இது. இனி பழைய மெஷின்தான். வாங்குகிறவர்கள் முதலில் டெஸ்ட் பேஜ் அடித்து, வெள்ளைக் கோடு விழுகிறதா என்று பாருங்கள். கோடு இருந்தால் ஹெட்டில் துளை அடைத்திருக்கிறது. அப்புறம், அணைத்து நன்றாக ஆறிய பிறகே தூக்குங்கள். கடை மாறும் அவசரத்தில் நாங்கள் சூட்டோடு சாய்த்துத் தூக்கினோம். உருகிய மை உள்ளே நாலாபக்கமும் வழிந்து அப்படியே உறைந்தது. எங்கள் மெஷின் கடைசியாக ஓடியது அன்றுதான்.