நாகமரை பரிசல் சவாரி: மேட்டூர் தண்ணி இறங்குனப்போ போங்க

தருமபுரிப் பக்கம் பரிசல்னாலே எல்லாரும் ஒகேனக்கல்தான் போறாங்க, ஆனா மேட்டூர் டேம்ல தண்ணி குறையுற சமயத்துல ஏரியூர் வழியா நாகமரைக்குப் போய் அங்கருந்து எதிர்க்கரையில இருக்குற பண்ணவாடிக்குப் பரிசல்ல போய்ப் பாருங்க, என்னைக் கேட்டா அதுதாங்க அசல் அனுபவம். இங்க இருந்த பழைய ஊருங்க எல்லாம் 1934ல அணை கட்டி முடிச்சப்போ தண்ணிக்குள்ள முங்கிப்போச்சு, டேம் முழுசா நிறைஞ்சா 120 அடி, தண்ணி இறங்க இறங்க முதல்ல பழைய சர்ச்சோட ரெட்டைக் கோபுரம் தலை காட்டும், இன்னும் இறங்குனா ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. பரிசல்காரர் கோபுரத்துக்கிட்டயே கொண்டுபோய் நிறுத்துனாரு, செங்கல்லுக்கு நடுவுல சுண்ணாம்புப் பூச்சு இன்னும் ஒட்டிட்டு இருக்கு, தண்ணி நின்ன மட்டம் கோடு கோடா தெரியுது. பார்த்ததும் எனக்குப் பேச்சே வரல.

துடுப்பு போடுறதுல ஆளு கெட்டிக்காரரு, காத்து எதிர்த்து அடிச்சும் பரிசல் சுத்தவே இல்ல. லைஃப் ஜாக்கெட் மட்டும் கேட்டு வாங்க வேண்டியிருந்துச்சு, அதுவும் பக்கிள் உடைஞ்சது, இது சரியில்லைங்க, குழந்தைங்களோட போறவங்க நல்லதா பார்த்து வாங்கி மாட்டிட்டு அப்புறம் ஏறுங்க.

தண்ணி உள்வாங்குனா துறையும் தள்ளிப் போயிடும், வெடிச்ச சேத்துல கொஞ்ச தூரம் நடக்கணும், ஷூ வேணாம். வாடகையை ஏறுறதுக்கு முன்னாடியே பேசிக்கங்க. காலையிலேயே போயிடுங்க, மதியத்துக்கு மேல காத்து ஜாஸ்தி.