தோட்டத்துக்கு எடுத்துட்டுப் போற பெண்டிரைவ்ல எது: டெபியனா, உபுண்டுவா, மின்ட்டா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம், கோயில் மண்டபத்துல டியூஷன் நடக்குது, ஏதோ ஆபிஸ்ல கழிச்சுவிட்ட கம்ப்யூட்டர் நாலு, லேப்டாப் ரெண்டு கெடச்சிருக்கு, லினக்ஸ் போட்டுக் குடுங்கண்ணேன்னு பசங்க கூப்டாங்க. டெபியன், உபுண்டு, மின்ட் மூனும் லினக்ஸ் வகைதான். அங்க நெட் லைன் கதை உங்களுக்கே தெரியும், பழைய கிராணி வீட்டு வாசல்ல நின்னா ஒரு கட்டை வரும், மண்டபத்துக்குள்ள அதுவும் வராது. அதனால நான் பாத்தது ஒன்னே ஒன்னுதான், நெட் இல்லாம இன்ஸ்டால் டிஸ்க்கு (பெண்டிரைவ்ல ஏத்தற ஃபைல்தான்) தானா வேலைய முடிக்குதா.

டெபியன் நெட்இன்ஸ்ட், அதாவது மிச்சத்த நெட்லேந்து இறக்கற இன்ஸ்டாலர், சின்னது, டெபியன் 12ல சுமார் 650 எம்பி, பட்டணத்துல இதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், தேவையானத மட்டும் இறக்கிக்கலாம். தோட்டத்துல போட்டா கறுப்பு ஸ்கிரீன்ல லாகின் கேட்டுட்டு நிக்கும், அவ்ளோதான்.

அதே டெபியனோட டிவிடி-1 வேற ஜாதி, 4 ஜிபி பக்கம் வரும், டெஸ்க்டாப் லிப்ரேஆபிஸ் எல்லாம் உள்ளயே இருக்கு. எந்த பேக்கேஜ் (சாப்ட்வேர் பொட்டலம்) மொத டிஸ்க்ல ஏறணும்னு எப்படி முடிவு பண்றாங்கன்னா பாப்புலாரிட்டி கான்டெஸ்ட்னு ஒன்னு இருக்கு, சம்மதிச்ச மெஷின்லாம் தன்கிட்ட என்ன இருக்குன்னு கணக்கு அனுப்பும், அதிகம் பேர் வச்சிருக்கறது முன்னால ஏறும். நியாயம்தான், ஆனா கணக்கு அனுப்பவே லைன் வேணுமே, நம்ம மண்டபத்து மெஷின் அதுல ஓட்டே போடாது லா.

2023ல வந்த டெபியன் 12லேந்து ஃப்ரீ சாப்ட்வேர் இல்லாத ஃபர்ம்வேரையும் (வைஃபை கார்டு மாதிரி சாமான் ஓடத் தேவையான புரோகிராம்) டிஸ்க்லயே வைக்கறாங்க, 2022ல ஓட்டெடுப்பு நடத்தி முடிவு பண்ணது, அதுக்கு முன்னாடி வைஃபைக்காக இன்னொரு பெண்டிரைவ் தூக்கிட்டு அலைஞ்சது எனக்குத்தான் தெரியும். இருந்தும் ஒரு லேப்டாப்ல பழைய பிராட்காம் கார்டு, அதோட ஃபர்ம்வேர டிஸ்க்ல வைக்க முடியாதாம், இருக்கற பேக்கேஜ் அத நெட்லேந்து இறக்கும். வைஃபை ஓட வைஃபை வேணும்!

உபுண்டு ஒரு காலத்துல 700 எம்பி சிடிக்குள்ள அடங்க படாத பாடு பட்டுச்சு, 10.04ல படம் திருத்தற கிம்ப்ப வெளிய தள்ளினாங்க, 12.10ல அந்த அளவையே விட்டுட்டாங்க. இப்ப 24.04 எடுத்தா 5 ஜிபிக்கு மேல, என்விடியா கிராபிக்ஸ் கார்டு டிரைவர் வரைக்கும் உள்ள இருக்கு, எங்க மெஷின்ல என்விடியா எங்க இருக்கு? இதுல கூத்து என்னன்னா 23.10லேந்து சும்மா நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு போனா மினிமல்தான் (அடிப்படை மட்டும்) ஏறும், லிப்ரேஆபிஸ் டிஸ்க்ல இருந்தும் மெஷின்ல இருக்காது, முழுசா வேணும்னு நாமதான் டிக் பண்ணனும். மொத மெஷின்ல நான் கவனிக்கல, மறுபடி போட்டேன்.

மின்ட் 3 ஜிபிக்குக் கொஞ்சம் கம்மி, ஆபிஸ் பிரவுசர் எல்லாம் தானா ஏறிடுது. என்ன மடக்குனது இது இல்ல, டிரைவர் மேனேஜரத் தொறந்தா நெட் இல்லன்னு புரிஞ்சிக்கிட்டு இன்ஸ்டால் பண்ண பெண்டிரைவயே மாட்டச் சொல்லி அதுக்குள்ளேந்து பிராட்காம் டிரைவர எடுத்துக்குது, டெபியன் மொரண்டு பிடிச்ச அதே லேப்டாப்ல. வீடியோ, பாட்டு ஓட வேண்டிய கோடெக் மட்டும் நெட் கேட்கும்.

தமிழ் டைப்பிங்ல தமிழ்99 மூனுலயும் இருக்கு, கீபோர்டு லிஸ்ட்ல தேடினா போதும். ஆனா பசங்க கைக்கு அஞ்சல்தான் பழக்கம், அம்மான்னு ஒலிய வச்சே அடிக்கறது, முரசு அஞ்சல் செஞ்ச முத்து நெடுமாறன் நம்ம நாட்டுக்காரர்தானே. அந்த மாதிரி அடிக்க ஐபஸ்-எம்17என்ங்கற டைப்பிங் பேக்கேஜ் வேணும், நான் போட்ட மின்ட்ல அது இல்ல, அதோட டெப் ஃபைல (இன்ஸ்டால் பண்ற ஃபைல்) தனியா காப்பி பண்ணிட்டுப் போனேன். ஆயிரக்கணக்குல பேக்கேஜ் வைக்கறாங்க, இது ஒன்னு எவ்ளோ எடத்த அடைச்சிடும்?

அஞ்சு மெஷின்ல மின்ட் ஏத்திட்டேன். ஆறாவது பழைய 32 பிட் மெஷின், இந்த மின்ட் அதுல ஏறாது, அதுக்கு டெபியன் 12தான், 13ல 32 பிட் இன்ஸ்டாலரையே எடுத்துட்டாங்க. இப்ப ஒரு 32 ஜிபி பெண்டிரைவ்ல வென்டாய் (ஒரே பெண்டிரைவ்ல பல இன்ஸ்டாலர வச்சு பூட் பண்ற டூல்) போட்டு மின்ட், டெபியன் 12 டிவிடி-1, அந்த டெப் ஃபைல்னு மூனையும் வச்சிருக்கேன், உபுண்டுவ அழிச்சிட்டேன்.