இலக்கணம் பிடிபட எந்த மொழியில் சப்டைட்டில் வைப்பது?

டிவி பார்த்தே இன்னொரு மொழியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று இறங்குகிறவருக்கு முன்னால் இருப்பவை மூன்று வழிகள்: தாய்மொழி சப்டைட்டில், பேசுகிற மொழியிலேயே சப்டைட்டில், சப்டைட்டிலே இல்லாமல் பார்ப்பது. கதை புரிய எது நல்லது என்பது வேறு பேச்சு. நான் பார்ப்பது இலக்கணத்தை மட்டும்.

ஆங்கிலத் தொடரைத் தமிழ் சப்டைட்டிலோடு பார்ப்பது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் 'எ டாக்', 'த டாக்' இரண்டும் கீழ்வரியில் பெரும்பாலும் வெறும் 'நாய்'தான். அங்கே நடுவில் வருகிற வினை இங்கே கடைசிக்குப் போய்விடுகிறது. சில சொற்கள் மனதில் ஒட்டும். வாக்கியம் கட்டப்பட்ட விதம் ஒட்டாது.

ஆங்கில வசனத்துக்கு ஆங்கிலத்திலேயே சப்டைட்டில் வைத்தால் நிலைமை மாறுகிறது. 'வாக்ட் டு' என்பதை வேகமாகச் சொல்லும்போது 'வாக் டு' என்றே காதில் விழும். இறந்தகாலத்தைச் சுமக்கிற அந்த 'இ', 'டி' எழுத்துகள் அடுத்த ஒலியில் கரைந்துவிடும். பத்துத் தடவை கேட்டாலும் பிடிபடாததை எழுத்து ஒரே தடவையில் காட்டிக்கொடுக்கும். 2009-இல் மிட்டரர், மக்வீன் இருவரும் டச்சுக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வில், பழக்கமில்லாத ஆங்கில உச்சரிப்புக்குக் காதைப் பழக்க ஆங்கில சப்டைட்டில் உதவியது, டச்சு சப்டைட்டில் கெடுத்தது. அது ஒலி பற்றிய ஆய்வுதான். ஆனால் விகுதி காதில் விழாவிட்டால் இலக்கணம் எங்கிருந்து வரும்?

அதற்காக, பார்த்தாலே போதும் என்று நம்பிவிடக் கூடாது. பெல்ஜியத்தில் மாணவர்களுக்கு, எஸ்பெராண்டோ என்கிற செயற்கை மொழியில் பேசும் ஒரு படத்தைச் சப்டைட்டிலோடு காட்டிச் சோதித்தார்கள். 2006-இல் வெளியான ஆய்வு அது. படத்தால் மட்டும் இலக்கணம் ஏறவில்லை. விதிகளை முன்னாலேயே சொல்லிக்கொடுத்ததுதான் பலித்தது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. கதை இழுக்கும்போது யார் விகுதியைப் பார்க்கிறார்கள்?

சப்டைட்டிலே இல்லாமல் பார்ப்பது, ஏற்கெனவே தெரிந்ததைச் சோதித்துக்கொள்ள நல்லது. புதிதாகக் கற்க அல்ல.

என் ஓட்டு இரண்டாவது வழிக்கு. ஆனால் ஒரே ஒரு விதியைப் படித்துவிட்டு உட்காருங்கள். பத்து நிமிடக் காட்சி போதும். அந்த விதி வருகிற இடமெல்லாம் நிறுத்துங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம், கணினி தானாகப் போடுகிற சப்டைட்டிலைத் தவிர்த்துவிடுங்கள். 'எ', 'த' மாதிரிச் சின்னச் சொற்களிலும் விகுதிகளிலும் அது தடுமாறக்கூடும்.