மையை மாற்றுவதா, தாளை மாற்றுவதா?

நீர்வண்ணத்தில் சில ஆண்டுகள் பழகியவருக்குச் சீன, ஜப்பானிய மை ஓவியம் பக்கத்து வீடு போலத் தெரியும். தூரிகையும் நீரும் கைக்குப் பழகியவைதானே என்று நானும் வழக்கமான, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளில் இந்தியன் இங்க்கால் மூங்கில் வரைந்தேன். கிடைத்தது கறுப்பு நிற நீர்வண்ண ஓவியம், அவ்வளவுதான். பிறகு மையையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

இந்தியன் இங்க்கை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். வழக்கமான வகையில் அரக்கு கலந்திருக்கும். கோடு வரைந்து அதன்மேல் வண்ணம் பூச நல்லது. ஆனால் மயிரின் அடியில் இறுகிவிட்டால் தூரிகை போயிற்று.

உண்மையான போட்டி புட்டி மைக்கும் மைக்கட்டிக்கும்தான். புகைக்கரியை வஜ்ஜிரத்தோடு (விலங்குப் பசை) பிசைந்து, அச்சில் அழுத்தி உலர்த்தினால் மைக்கட்டி. ஜப்பானில் நாரா நகரமும் சீனாவில் ஹுய்சோ பகுதியும் இதற்குப் பேர்போனவை. பைன் மரப் புகைக்கரியில் செய்த மையை நீர்க்கவைத்தால் நீலச் சாயல் தெரியும். எண்ணெய்ப் புகைக்கரி மை பழுப்புச் சாயலில் நிற்கும். மைக்கல்லில் சில சொட்டு நீர் விட்டு, சந்தனம் இழைப்பதுபோல் அழுத்தாமல் இழைக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் படம் மனத்தில் உருவாகிவிடுகிறது; எனக்கு அதுவே பெரிய லாபம். இழைத்து முடித்ததும் கட்டியைத் துடைத்து வைக்க வேண்டும், ஈரத்தோடு விட்டால் வெடித்துவிடும். மிஞ்சிய மை நம் ஊர் வெயிலில் சீக்கிரமே நாறும். (அப்படி ஊறிப் பழசான மையைத் தேடிப் பயன்படுத்திய மேதையும் உண்டு: சீன ஓவியர் ஹுவாங் பின்ஹோங்.) புட்டி மையில் இந்தத் தொல்லைகள் இல்லை. கறுப்பு அடர்த்தியாக வரும், வெளிறிய சாயல்கள் சற்றுத் தட்டையாக இருக்கும். பயிற்சிக்கு அது போதும்.

இத்தனைக்கும் பிறகு சொல்கிறேன்: மையைவிடத் தாள்தான் முக்கியம். நீர்வண்ணத் தாளில் பசை ஏற்றியிருப்பதால் நீர் மேலேயே தேங்கும். துடைத்து எடுக்கலாம், திருத்தலாம், அடுக்கடுக்காகப் பூசலாம். பசை ஏற்றாத சுவான் தாளில் இவற்றில் எதுவும் நடக்காது. சீனாவில் ஆன்ஹுய் மாநிலத்தின் ஜிங் வட்டாரத்தில் மரப்பட்டை நாரும் வைக்கோலும் சேர்த்துச் செய்யும் தாள் இது; அந்தக் கைவினையை 2009இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மை தொட்ட நொடியிலேயே உள்ளே இறங்கிவிடும். கை தயங்கினால் அந்த இடத்தில் திட்டு. ஒரு தீற்றலின்மேல் இன்னொன்றை வைத்தாலும் இரண்டின் விளிம்பும் தனித்தனியே தெரியும். சீன ஓவியர் சீ பைஷி (1864–1957) வரைந்த இறால்களின் உடல் கண்ணாடிபோல் தெரிகிறதே, அதில் பாதி அவர் கை, பாதி இந்தத் தாள். வெளிறிய மையில் தூரிகையைத் தோய்த்து, நுனியில் மட்டும் அடர்மை தொட்டு ஒரே இழுப்பில் வைத்தால், நாம் மூன்று பூச்சில் கொண்டுவரும் ஒளிநிழல் அங்கே ஒன்றிலேயே வந்துவிடும்.

படிகாரமும் பசையும் ஏற்றிய சுவான் தாளும் கிடைக்கிறது. நுண்கோட்டு ஓவியத்துக்கு அது சிறந்தது. ஆனால் நீர்வண்ணக்காரரை அது பழைய பழக்கத்திலேயே உட்காரவைத்துவிடும். முதல் சில மாதங்கள் வேண்டாம்.

எனவே கையில் உள்ள பணத்தில் முதலில் பசையற்ற சுவான் தாளை ஒரு கட்டாக வாங்குங்கள், கூடவே ஒரு புட்டி மை. மைக்கட்டியும் கல்லும் பிறகு வரட்டும். தாள் சுருங்கினால் பதற வேண்டாம். நன்றாக வந்த படத்தின் பின்னால் கோதுமைப் பசையால் இன்னொரு தாளை ஒட்டினால் நிமிர்ந்துவிடும். மற்றவற்றின் மறுபக்கத்தில் அடுத்த மூங்கிலை வரையலாம்.